மீட்டர் பொய் சொன்னால் கண்டுபிடிப்பது யார்?

(இறுதியாண்டு மின்னணுவியல் மாணவர் ஒருவர், கெங்குவார்பட்டி)



கெங்குவார்பட்டியில் எங்கள் தாத்தாவின் தென்னந்தோப்பில் ஒரு பழைய கிணறு உண்டு. கோடை வந்துவிட்டால் தினமும் காலையில் தாத்தா அந்தக் கிணற்று மேட்டில் நின்று ஒரு கூழாங்கல்லை உள்ளே விடுவார். "ஒண்ணு... ரெண்டு..." என்று நிதானமாக எண்ணுவார். கீழே 'தொபுக்' என்று சத்தம் கேட்கும். "தண்ணி அறுபதடியில கெடக்குடா பேராண்டி, அம்புட்டுத்தேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வந்த பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது அடி விழ ஒரு கல்லுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகிறது. தாத்தா நியூட்டனைப் படித்தவர் இல்லை. ஆனால் ஒன்று செய்வார். மாதம் ஒரு தடவை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, முழம் போட்டு அளந்து, தன் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்வார். "எண்ற வாயி தப்பா எண்ணும்டா. கயிறு தப்பா எண்ணாது" என்பார். (ஈரமானால் கயிற்றின் நீளமும் மாறும் என்பது வேறு விஷயம்.)

இந்தக் கட்டுரை அந்தக் கிணற்றைப் பற்றியது அல்ல. நம் புராஜெக்ட்டுகளைப் பற்றியது. ஆனாலும் கிணற்றில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

கல்லுக்குப் பதில் வெளிச்சத்தைப் போட்டால் என்ன? போன வெளிச்சம் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும் அல்லவா? கேட்க எளிது. வெளிச்சம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் ஓடுகிறது. எங்கள் கிணற்றின் அறுபது அடியைப் போய்த் தொட்டுத் திரும்ப அதற்கு 122 நானோ விநாடி போதும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 67 பிக்கோ விநாடியை அளக்க வேண்டும், அதாவது ஒரு விநாடியை 1,500 கோடி துண்டு போட்டு அதில் ஒரு துண்டை! எந்தக் கடிகாரம் வைத்து அளப்பது?

1849இலேயே ஃபிரான்சில் ஃபிசோ என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 720 பல் கொண்ட சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, பல் இடுக்கு வழியாக வெளிச்சத்தை 8,633 மீட்டர் தள்ளியிருந்த கண்ணாடிக்கு அனுப்பினார். திரும்பி வரும் வெளிச்சம் அடுத்த பல்லில் இடிக்கிறதா, அடுத்த இடுக்கில் நுழைகிறதா என்று பார்த்தார். அவரிடம் நானோ விநாடிக் கடிகாரம் கிடையாது. வெளிச்சத்தைச் சீராக வெட்டி வெட்டி அனுப்பி, போன வெட்டையும் வந்த வெட்டையும் ஒப்பிட்டார், அவ்வளவுதான். நாம் மூன்றாம் செமஸ்டரில் படித்த மாடுலேஷனும் ஃபேஸும்தான் இது. 1940களில் ஸ்வீடன் நாட்டு எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட் இதே யோசனையை மின்னணுச் சுற்றாக மாற்றி ஜியோடிமீட்டர் என்ற தூரம் அளக்கும் கருவி செய்தார். இன்று நம் சிவில் நண்பர்கள் சர்வே பிராக்டிகலில் முக்காலியில் ஏற்றி வைக்கிற டோட்டல் ஸ்டேஷன் அந்த வழியில் வந்த வாரிசுதான். அதை நமக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வைத்திருந்தும் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் யாரும் போய் எட்டிப் பார்த்ததில்லை. சிவில்காரர்களும் அதற்குள் என்ன நடக்கிறது என்று நம்மிடம் வந்து கேட்டதில்லை. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு நாடு!

வராந்தாவில் ஒரு கட்டம்

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர். புராஜெக்ட்டாக ஒளியால் தூரம் அளப்பது என்று எடுத்தோம். 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, பிரகாசமான சிவப்பு எல்.இ.டி. ஒன்று, பி.பி.டபிள்யூ.34 போட்டோ டயோடு ஒன்று, பெருக்குவதற்கு பி.எஃப்.494 டிரான்சிஸ்டர் இரண்டு. முதலில் கையில் இருந்த 741ஐ வைத்துப் பார்த்தோம். நாலு மெகாஹெர்ட்ஸை அது கண்டுகொள்ளவே இல்லை. ஏன் என்று டேட்டா ஷீட்டைப் பார்த்தபோதுதான், மனப்பாடம் செய்து எழுதிய 'ஸ்லூ ரேட்' என்ற வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. எதிரே வைக்க சைக்கிளின் பின்பக்க ரிஃப்ளெக்டர். ஒளியைக் குவிக்க என் தங்கையின் பூதக்கண்ணாடி. வெளிச்சத்தை மறைக்க, உள்ளே கருப்புத் தாள் ஒட்டிய ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்.

பகலில் ஒன்றும் நடக்கவில்லை. நம் ஊர் வெயில் போட்டோ டயோடை மூழ்கடித்துவிட்டது. டியூப் லைட் போட்டால் திரையில் கோடு பேயாட்டம் ஆடியது. கடைசியில் சாயந்திரம் ஆறரைக்கு மேல், வராந்தா விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, வாட்ச்மேன் அண்ணனிடம் கெஞ்சி அரை மணி நேரம் வாங்கிக்கொண்டு பார்த்தோம். சி.ஆர்.ஓ.வில் ஒரு சேனலில் அனுப்பிய அலை, இன்னொன்றில் திரும்பி வந்த அலை. டைம் பேஸ் 0.2 மைக்ரோ விநாடி, பத்து மடங்கு பெரிதாக்கினால் ஒரு கட்டம் 20 நானோ விநாடி. ரிஃப்ளெக்டரை ஒரு மீட்டரில் வைத்தோம். பிறகு மாப்ள ஒருத்தன் அதைத் தூக்கிக்கொண்டு நாலு மீட்டருக்கு நடந்தான்.

கோடு நகர்ந்தது! சரியாக ஒரு கட்டம்!

மூன்று மீட்டர் கூடினால் போக வர ஆறு மீட்டர், அதற்கு 20 நானோ விநாடி. வெளிச்சம் நடந்து போகிறதை எங்கள் கண்ணால் பார்த்தோம், தோழர்களே. அந்த வராந்தாவில் நாலு பேரும் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் அண்ணன் ஓடி வந்துவிட்டார்.

அடுத்து ஏழு மீட்டர் வைத்தோம். இரண்டு கட்டம் வந்திருக்க வேண்டும். வந்ததோ இரண்டரைக்குக் கிட்டே. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகு ஒருத்தன் ஒரு காரியம் செய்தான். ரிஃப்ளெக்டரை நாலு மீட்டரிலேயே அசையாமல் வைத்துவிட்டு, அதில் பாதியைக் கருப்புத் தாளால் மூடினான். தூரம் மாறவில்லை, ஆனால் கோடு நகர்ந்தது! ஆக, சிக்னல் பலவீனமானால் எங்கள் ஆம்ப்ளிஃபையரே தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கிறது. வெளிச்சம் பொய் சொல்லவில்லை, எங்கள் டிரான்சிஸ்டர்தான் பொய் சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்த சந்தோஷம் முதல் கட்டம் நகர்ந்த சந்தோஷத்தை விடப் பெரியது.

நிற்க. தேர்வு நாள் வந்தது. வெளித் தேர்வாளர் எங்கள் மேஜைக்கு வந்தார். பி.வி.சி. பைப்பைப் பார்த்தார். "டிஸ்ப்ளே எங்கப்பா?" என்றார். இல்லை சார், சி.ஆர்.ஓ.வில் பார்க்க வேண்டும் என்றோம். "ரீடிங் வராதா? எவ்வளவு அக்யூரசி?" தப்பு எங்கே வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தோம். பாதியிலேயே "தப்பா காட்டுதுன்னு நீங்களே சொல்றீங்களே" என்று சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். அடுத்த மேஜையில் மதுரையிலிருந்து வாங்கி வந்த புராஜெக்ட். அல்ட்ராசோனிக் மாட்யூல், ஆர்டுயினோ, நீலத் திரையில் எழுத்து, அக்ரிலிக் பெட்டி, ஸ்பைரல் பைண்டிங் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். பட்டனைத் தட்டினால் சென்டிமீட்டர் வந்தது. யாருக்கு அதிக மார்க் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மார்க் போன வருத்தத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் மீதியையும் கேளுங்கள்.

மடை மாற்றும் பிக்சல்

எங்கள் பைப்பு ஒரே ஒரு புள்ளியின் தூரத்தைத்தான் சொல்லும். இதையே ஒரு கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாகச் செய்தால்? அதுதான் டைம் ஆஃப் ஃப்ளைட் கேமரா. 2013இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இரண்டாவது கினெக்ட்டில் 512க்கு 424, அதாவது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் ஒவ்வொன்றும் தன் எதிரே உள்ள பொருளின் தூரத்தைச் சொன்னது. 2019இல் வந்த சில செல்போன்களின் பின்பக்கத்தில் கூட இந்த வகைக் கேமரா இருந்தது. ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் இருக்கிற ஈ-கான் சிஸ்டம்ஸ் நிறுவனம் 'டெப்த்விஸ்டா' என்ற பெயரில் இந்த வகைக் கேமராவை விற்கிறது.

இரண்டு லட்சம் சி.ஆர்.ஓ.வை ஒரு விரல்நக அளவு சிப்பில் எப்படி அடைத்தார்கள்? அடைக்கவில்லை. அங்கேதான் சூட்சுமம். இதை எந்தப் புத்தகத்தையும் விட எங்கள் தோப்பில் தண்ணி கட்டுகிறவர் நன்றாகப் புரியவைப்பார்.

தூரத்தில் ஒரு பம்புசெட்டு. பத்து நிமிடம் ஓடும், பத்து நிமிடம் நிற்கும், மறுபடி ஓடும். வாய்க்காலின் இந்தக் கடைசியில் இரண்டு பாத்தி, இடது, வலது. நடுவில் மண்வெட்டியோடு ஒருவர். அவர் கையில் கடிகாரம். பம்பு ஓடுகிற நேரத்தில் இடது பாத்திக்கு மடையைத் திருப்புவார். பம்பு நிற்கிற நேரத்தில் வலது பாத்திக்குத் திருப்புவார். தண்ணீர் வந்ததா இல்லையா என்று அவர் பார்க்கவே மாட்டார், கடிகாரம்தான் கணக்கு. இப்போது தண்ணீர் வந்து சேர நேரமே ஆகாது என்றால் எல்லாத் தண்ணீரும் இடது பாத்தியில் நிற்கும். ஐந்து நிமிடம் ஆகும் என்றால் பாதி இடதிலும் பாதி வலதிலும் பாயும். பத்து நிமிடம் ஆகும் என்றால் எல்லாமே வலது பாத்தியில்! ஆக, ஒரு பொழுதுக்கும் ஓடவிட்டுக் கடைசியில் இரண்டு பாத்தியிலும் நிற்கிற தண்ணீரை ஒப்பிட்டால், வாய்க்கால் எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். வேகமான கடிகாரம் தேவையில்லை. பாத்தி நிரம்பும் வரை பொறுமைதான் தேவை.

பம்புசெட்டு என்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு எல்.இ.டி. அல்லது லேசர். தண்ணீர் என்பது பிக்சலில் வெளிச்சம் எழுப்பும் எலக்ட்ரான்கள். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இரண்டு சேமிப்பு அறைகள் உண்டு. நடுவில் மடை திருப்புகிற கேட் விநாடிக்குக் கோடிக்கணக்கான தடவை இடமும் வலமும் மாறிக்கொண்டே இருக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 50 நானோ விநாடி. ஒரே சுற்றில் சேர்வது அற்பம். லட்சக்கணக்கான சுற்றுகள் சேர்த்த பிறகுதான் படிப்பார்கள்.

மழை பெய்தால்? இரண்டு பாத்தியிலும் ஒரே அளவுதான் விழும். இடதிலிருந்து வலதைக் கழித்தால் மழை காணாமல் போய்விடும். எங்கள் பைப்பை மூழ்கடித்த சூரிய வெளிச்சம்தான் அந்த மழை. இந்த ஒரு கழித்தல் கணக்கு எங்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் வாட்ச்மேன் அண்ணனிடம் கெஞ்சியிருக்க வேண்டாம்!

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி. தண்ணீர் பதினைந்து நிமிடம் தாமதித்தாலும் மறுபடி பாதிக்குப் பாதிதான் விழும். ஐந்தா, பதினைந்தா? மழையைக் கழித்துவிட்டதால் மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்பதும் கைவசம் இல்லை. அதனால் ஐந்து நிமிடம் பிந்தி மடை திருப்புகிற இன்னொரு ஆளையும், அவருக்கு இன்னொரு ஜோடிப் பாத்தியையும் வைக்க வேண்டும். நாலு பாத்தி, இரண்டு கழித்தல். ஒன்றை ஒன்றால் வகுத்து டேன் இன்வர்ஸ் எடுத்தால் ஃபேஸ் வந்துவிடும். முதலாம் ஆண்டு கணக்கில் 'இது எதுக்குடா நமக்கு?' என்று கேட்டோமே, அதே டேன் இன்வர்ஸ்! இரண்டு அறை உள்ள பிக்சல் இதை இரண்டு தடவை படம் எடுத்துச் செய்யும். ஒரே பிக்சலில் நாலு அறை வைத்தால் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஓடுகிற பொருளை அளக்க அதுதான் நல்லது. இரண்டு படத்துக்கு நடுவே பொருள் நகர்ந்துவிட்டால் கணக்கு குழம்பும் அல்லவா?

பொய் சொல்லும் இடங்கள்

இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம். இந்தக் கேமரா அழகாக வேலை செய்யும். அழகாகப் பொய்யும் சொல்லும். திரையில் எண் தெளிவாகத்தான் வரும், பொய் என்று எழுதி வராது.

தண்ணீர் இருபது நிமிடம் தாமதித்தால் என்ன ஆகும்? ஒரு முழுச் சுற்று. எல்லாம் மறுபடி இடது பாத்திக்கே வந்துவிடும், தாமதமே இல்லாதது போல. 20 மெகாஹெர்ட்ஸில் இந்த எல்லை 7.5 மீட்டர். எட்டு மீட்டரில் உள்ள சுவரை அரை மீட்டரில் இருக்கிறது என்று கேமரா கூசாமல் சொல்லும். நம் வருஷப் பெயர்களைப் போலத்தான். எங்கள் அப்பத்தா பிறந்தது யுவ வருஷம், 1935. என் அத்தை மகன் பிறந்ததும் யுவ வருஷம்தான், 1995. வருஷப் பெயரை மட்டும் கேட்டால் யார் பெரியவர்? முகத்தைப் பார்த்தால் நமக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு அதிர்வெண் வைக்கிறார்கள். 80 மெகாஹெர்ட்ஸுக்கு எல்லை 1.875 மீட்டர், 60க்கு 2.5 மீட்டர். இரண்டும் சேர்ந்து ஒத்துப்போவது மறுபடி 7.5 மீட்டரில்தான். முறைத் தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு தடவை, சந்தை ஏழு நாளுக்கு ஒரு தடவை என்றால் இரண்டும் ஒரே நாளில் வர 28 நாள் ஆகிற மாதிரி.

அடுத்தது மூலை. அறையின் மூலையில் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவரில் தெறித்துத் திரும்புகிறது. நேர்வழியும் சுற்றுவழியும் ஒரே பிக்சலில் கலந்துவிடும். கூர்மையான மூலை உருண்டையாகத் தெரியும். பொருளின் விளிம்பில் உள்ள பிக்சல் பாதி முன்பொருளையும் பாதி பின்சுவரையும் பார்த்துவிட்டு, இரண்டும் இல்லாத நடு ஆகாயத்தில் ஒரு புள்ளி வைக்கும். கருப்புத் துணியில் திரும்பும் வெளிச்சம் குறைவு, எண் குதிக்கும். தண்ணீர்ப் பரப்பு இன்னும் மோசம். சாய்வாகப் பார்த்தால் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடும். வெயிலைக் கழிக்கலாம் என்றேனே, அதற்கும் அளவு உண்டு. அடைமழையில் இரண்டு பாத்தியும் வரப்பைத் தாண்டி வழிந்துவிட்டால் எதிலிருந்து எதைக் கழிப்பது? காற்றில் உள்ள நீராவி கொஞ்சம் வெயிலை உறிஞ்சிக்கொள்கிற 940 நானோமீட்டர் பக்கம் பலர் போவது இதனால்தான்.

நாளைக்கு நம்மில் ஒருவர் ஒரு குடோனில், கம்பெனியில், இந்தக் கேமராவைப் பொருத்துகிற வேலைக்குப் போகிறார் என்று வையுங்கள். பெட்டி எண்ணுகிறது, வாழைத்தார் அளக்கிறது, ஏதோ ஒன்று. ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு எண் தப்பாக வரும். எஞ்சினியர் பெங்களூரில் இருப்பார். நிற்பது நாம்தான். ஜன்னல் வழியாக வெயில் விழுகிறதா, புதிதாகக் கருப்புப் பெட்டி வந்திருக்கிறதா, சுவர் எட்டு மீட்டரில் இருக்கிறதா என்று யோசிக்கத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இருக்கும். 'சார், மாட்யூல் போயிருச்சு, புதுசு வாங்கணும்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? டிப்ளமோ படித்தவனை எஞ்சினியரிங் படித்தவனுக்கு அடுத்த படியில்தான் நிறுத்துகிறார்கள். மீட்டர் பொய் சொல்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கிறவன் நாம் என்றால் அந்தப் படியில் நமக்கு மரியாதை உண்டு. இல்லையென்றால் அந்தப் படியும் இல்லை.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1802இல் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே இந்திய நில அளவைக்கு ஆதாரக்கோடு போட்டார், ஏறக்குறைய ஏழரை மைல், நூறு அடி எஃகுச் சங்கிலியால். சங்கிலி வெயிலில் நீளும் என்று அவருக்குத் தெரியும். பத்து டிகிரி ஏறினால் நூறு அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர், ஏழரை மைலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். அதனால் சங்கிலியைப் பெட்டிக்குள் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு தடவையும் திருத்தம் போட்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ஏற்றும்போது அவருடைய பிரம்மாண்டமான தியோடலைட் கயிறு அறுந்து இடித்துக்கொண்டு வளைந்துபோனது. புதிதுக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அவரே நிமிர்த்தினார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அது முடியும்.

வாங்குகிறவர்களைத் திட்டவில்லை

புராஜெக்ட் சென்டரில் வாங்குகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள் என்று எழுதிவிட்டால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது பொய். நம்மில் பாதிப் பேர் ராத்திரியில் பரோட்டாக் கடையிலோ மண்டியிலோ வேலை பார்த்துவிட்டுத்தான் காலையில் முதல் பீரியடுக்கு வருகிறோம். கடைசி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக வழியில்லாதவர்கள் சாயந்திரம் ஆறரைக்கு வராந்தாவில் எப்படி நிற்பது? அரியர் பயம் வேறு. நானே நாலாம் செமஸ்டர் மினி புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கியவன்தான். அந்தப் பெட்டியை இதுவரை திறந்ததில்லை. இப்போது திறந்தாலும் எனக்குப் புரியாது.

மாட்யூல் வாங்குவதும் தப்பு இல்லை. சில நூறு ரூபாய்க்கு லேசரை வைத்துத் தூரம் சொல்கிற குட்டிச் சிப்புகள் கிடைக்கின்றன. எட்டுக்கு எட்டு, 64 கட்டமாகப் பார்வையைப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தூரம் சொல்கிற சிப்பும் இருக்கிறது. (அவை அலையின் ஃபேஸைப் பார்க்காமல், சின்னத் துடிப்பை அனுப்பி அது திரும்பும் நேரத்தையே அளக்கிற வகை.) தாராளமாக வாங்குங்கள். என் சண்டை வாங்குவதோடு அல்ல. வாங்கியதை ஒரு தடவை கூடப் பொய் சொல்லவைத்துப் பார்க்காமல் மேஜையில் வைக்கிறோமே, அதோடுதான். அதைவிட, அப்படிப் பார்த்தவனைக் கேலி செய்கிற வைவாவோடு.

ஆகவே நம் மாணவர் மன்றம் இந்த ஆண்டு துறைத் தலைவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. புராஜெக்ட் எதுவானாலும், கடையில் வாங்கியதானாலும், வைவாவில் முதல் கேள்வி 'இது எப்போது தப்பாகக் காட்டும்?' என்று இருக்கட்டும். அதைச் செய்து காட்டுகிறவனுக்கு, டிஸ்ப்ளேவுக்குப் போடுகிற மார்க்கில் பாதியாவது போடட்டும். அல்ட்ராசோனிக் மாட்யூலுக்கு முன்னால் ஒரு பஞ்சுத் தலையணையைக் காட்டிப் பாருங்கள், என்ன ஆகிறது என்று தெரியும். இதற்குக் காசு ஆகாது. பெட்டியை வாங்கியவனும் இந்தக் கேள்விக்காகவாவது ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பான். கூடவே சிவில் துறையும் எலக்ட்ரானிக்ஸ் துறையும் செமஸ்டருக்கு ஒரு நாள் சேர்ந்து டோட்டல் ஸ்டேஷன் பிராக்டிகல் வைத்தால் நன்றாக இருக்கும். கேட்டால் கிடைக்குமா என்பது வேறு. கேன்டீன் டீ விலையைக் குறைக்கச் சொல்லி மூன்று தடவை மனுக் கொடுத்தவர்கள் இதற்கு ஒரு தடவை கொடுக்கலாம் அல்லவா?

எங்கள் போர்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. லேப் அலமாரியில் மூன்றாவது தட்டில், அட்டைப் பெட்டிக்குள், பி.வி.சி. பைப்போடு வைத்திருக்கிறோம். சர்க்யூட் டயகிராமும், ஏழு மீட்டரில் வந்த தப்பின் அளவுகளும் அதே பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கின்றன. ஜூனியர் நண்பர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது டிரான்சிஸ்டருக்குப் பிறகு அலையின் உயரத்தைச் சமமாக்குகிற ஒரு சுற்றைச் சேர்த்தால் அந்த அரைக் கட்டத் தப்பு குறையும் என்று நினைக்கிறோம். செய்து பார்க்க எங்களுக்கு நேரம் இல்லை. பூதக்கண்ணாடி மட்டும் தங்கை திரும்ப வாங்கிக்கொண்டாள், அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.